நாற்காலியில் உள்ள முத்திரை எதற்கு உறுதி கூறுகிறது?

நோயாளர்களுக்கும் அவர்களை உடனிருந்து பார்த்துக்கொள்வோருக்கும் ஒரு பாடம்

மருந்துச் சீட்டில் நாங்கள் நாற்காலியை எழுதித் தருவதில்லை. ஆயினும் முதுகு, இடுப்பு, முழங்கால் நோய்களுக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பும் ஒருவர், விழித்திருக்கும் நேரத்தில் பல மணியை நாற்காலியில்தான் கழிக்கிறார். அது அவரைத் தாங்கினால் மருந்துக்குத் துணை. தாங்கத் தவறினால், பல வாரச் சிகிச்சையின் பலன் ஒரே நொடியில் போய்விடும்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்திலிருந்து எங்களிடம் வருவோர் பலதரப்பட்டவர்கள். கரிசல் காட்டில் குனிந்து களையெடுத்தே முதுகு தேய்ந்தவர்கள் உண்டு. தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு, பலகைமேல் அமர்ந்து ஆண்டுக்கணக்காக நெய்தவர்கள் உண்டு. ஜவுளிக்கடையில் நாள் முழுவதும் நின்றவர்களும், நூற்பாலை அலுவலகத்திலும் இ-சேவை மையத்திலும் நாள் முழுவதும் அமர்ந்தே இருப்பவர்களும் உண்டு. இவர்கள் வீட்டுக்குச் சுழல் நாற்காலி இரண்டு வழிகளில் வந்து சேர்கிறது. வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் இணையத்தில் வாங்கி அனுப்புகிறார்கள். அல்லது அலுவலகங்கள் கழித்துக்கட்டிய பழைய நாற்காலி குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. எவ்வழியில் வந்தாலும் குடும்பத்தார் எங்களிடம் கேட்பது ஒரே கேள்விதான்: “சர்டிஃபிகேட் உள்ள நாற்காலி, பயமில்லையே?”

அந்தக் கேள்விக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். முத்திரை என்பது ஒரு குறிப்பிட்ட சோதனையில் அந்தப் பொருள் தேறியது என்பதற்கான சான்று. எந்தச் சோதனை என்று அறிந்தவருக்கு அது பயன்படும். அறியாதவருக்கு வீண் துணிச்சலையே தரும்.

உட்காரும் உரிமையும் உட்காரும் பொருளும்

நாற்காலியைச் சட்டமே பேசிய மாநிலம் நம்முடையது. 2021ஆம் ஆண்டு செப்டம்பரில், தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தும் மசோதா சட்டப்பேரவையில் கொண்டுவரப்பட்டது. அத்திருத்தம் 22-ஏ என்னும் பிரிவைச் சேர்த்தது. கடைகளிலும் நிறுவனங்களிலும் பணியாற்றும் அனைவருக்கும் தகுந்த இருக்கை வசதி தரப்பட வேண்டும், வேலைநேரம் முழுவதும் அவர்கள் நின்றுகொண்டே இருக்கும் நிலை கூடாது என்பதே அதன் சாரம். கேரளம் 2018இலேயே இவ்வழியில் முன்சென்றது. கால்நரம்புப் புடைப்பும், பாத வீக்கமும், இடுப்பு வலியும் கொண்டு வரும் கடைப் பணியாளர்களைப் பார்க்கும் எங்களுக்கு இச்சட்டத்தின் அருமை தெரியும்.

‘தகுந்த இருக்கை’ என்றால் எது? ஆட்டம் காணும் முக்காலியும் இருக்கைதான், உறுதியான சாய்வு நாற்காலியும் இருக்கைதான். அளவு, உறுதி, சாயாத தன்மை ஆகியவற்றை வரையறுப்பது தரநிலைகளின் வேலை. ஆகவே இனி அவற்றைப் பார்ப்போம்.

ஐ.எஸ்.ஐ. முத்திரையை வாசிக்கும் முறை

நம் நாட்டில் பொருள்களின் தரநிலையை வகுப்பது இந்தியத் தர நிர்ணய அமைவனம் (பி.ஐ.எஸ்.). 1947இல் தொடங்கப்பட்ட இந்தியத் தரநிலை நிறுவனமே (ஐ.எஸ்.ஐ.) 1987இல் இந்த அமைவனமாக மாறியது. பெயர் மாறினாலும் முத்திரை இன்றும் ‘ஐ.எஸ்.ஐ.’ என்றே வழங்குகிறது. இப்போது நடப்பிலுள்ளது 2016ஆம் ஆண்டின் சட்டம்.

நாற்காலிகளுக்கு 2022இல் வெளியான இரண்டு தரநிலைகளை நினைவில் கொள்ளலாம். அலுவலக வேலைக்கான நாற்காலிகளுக்கு ஐ.எஸ். 17631, பொதுப் பயன்பாட்டு நாற்காலிகளுக்கும் முக்காலிகளுக்கும் ஐ.எஸ். 17632. மேசை, அலமாரி, கட்டில் ஆகியவற்றுக்கும் இதே வரிசையில் தனித்தனித் தரநிலைகள் உள்ளன. இவற்றுக்கு முத்திரையைக் கட்டாயமாக்கும் நோக்கத்துடன் ஒன்றிய அரசின் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை 2025 பிப்ரவரியில் அறைகலன் தரக் கட்டுப்பாட்டு ஆணையை வெளியிட்டது. அதற்கு முன்பு செய்யப்பட்ட நாற்காலிகள் நம் வீடுகளில் ஏராளம். முத்திரை இல்லாததனாலேயே அவை யாவும் கெட்டவை என்று கொள்ள வேண்டியதில்லை. அவற்றை நாமே கூர்ந்து பார்க்க வேண்டும் என்று மட்டும் கொள்ளலாம்.

முத்திரையில் மூன்று செய்திகள் இருக்க வேண்டும். நடுவில் ஐ.எஸ்.ஐ. சின்னம். அதன் மேலே தரநிலையின் எண். கீழே ‘சி.எம்./எல்.’ என்று தொடங்கும் உரிம எண். சின்னம் மட்டும் இருந்து எண்கள் இல்லாவிட்டால் ஐயப்பட வேண்டும். அமைவனத்தின் ‘பி.ஐ.எஸ். கேர்’ என்னும் கைப்பேசிச் செயலியில் உரிம எண்ணை உள்ளிட்டால், உரிமம் பெற்றவர் யார், எந்தப் பொருளுக்குப் பெற்றார், அது இன்றும் செல்லுபடியாகிறதா என்பவை தெரியவரும். செயலி காட்டும் பொருளும் உங்கள் முன் உள்ள பொருளும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் முதன்மையானது. மேசைக்குப் பெற்ற உரிமம் நாற்காலிக்கு உதவாது.

கடையில் காட்டப்படும் பிற சான்றுகள்

விலையுயர்ந்த சுழல் நாற்காலிகளின் விளம்பரத்தில் ‘பிஃப்மா’ என்ற சொல் அடிக்கடி வரும். இது அமெரிக்காவில் 1973இல் உருவான, அலுவலக அறைகலன் உற்பத்தியாளர்களின் சங்கம். அது வெளியிடும் ‘எக்ஸ் 5.1’ என்னும் தரநிலை அலுவலக நாற்காலிகளுக்குரியது. ஐரோப்பாவில் இதற்கு இணையானது ‘ஈ.என். 1335’. ‘பிஃப்மா சான்று பெற்றது’ என்று பொதுவாகச் சொன்னால் போதாது. எந்தத் தரநிலை, எந்த மாதிரி, எந்தச் சோதனைக்கூடம், எந்த ஆண்டு என்று கேளுங்கள். இச்சங்கத்தின் பெயரிலேயே ‘லெவல்’ என்றொரு சான்றும் உண்டு. அது சுற்றுச்சூழல் சார்ந்தது. நாற்காலி உடையாது என்பதற்கான உறுதி அன்று. இந்தியச் சோதனைக்கூடமாயின், அது என்.ஏ.பி.எல். என்னும் தேசிய அங்கீகார வாரியத்தின் ஏற்பைப் பெற்றதா என்று பார்ப்பது நல்லது.

சுவரில் சட்டம் போட்டு மாட்டப்பட்டுள்ள ‘ஐ.எஸ்.ஓ. 9001’ சான்றிதழைக் காட்டி நாற்காலியின் உறுதியைப் பேசுவோரும் உண்டு. அச்சான்று நிறுவனத்தின் மேலாண்மை முறையைப் பற்றியது. வேலைகள் ஒழுங்காகத் திட்டமிடப்படுகின்றனவா, பதிவுகள் பேணப்படுகின்றனவா என்பதை அது சொல்லும். குறிப்பிட்ட ஒரு நாற்காலி எவ்வளவு எடை தாங்கும் என்பதைச் சொல்லாது.

ஆஸ்துமா உள்ளவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று ‘கிரீன்கார்டு’. புதிய நாற்காலியின் பஞ்சு, பசை, பிளாஸ்டிக் ஆகியவற்றிலிருந்து காற்றில் கலக்கும் வேதிப்பொருள்களின் அளவு குறித்த சான்று அது. அச்சான்று இல்லாத புதிய நாற்காலியைச் சில நாள் காற்றோட்டமான இடத்தில் வைத்திருந்து, வாடை நீங்கிய பிறகு நோயாளியின் அறைக்குள் கொண்டுவரலாம்.

சோதனைக்கூடத்தில் நடப்பது என்ன?

எக்ஸ் 5.1 தரநிலையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஏறத்தாழ 57 கிலோ எடையுள்ள பையொன்று நாற்காலியின் இருக்கைமேல் 1 லட்சம் முறை விழச் செய்யப்படுகிறது. ஒருவர் நாளொன்றுக்கு 30 முறை உட்கார்ந்து எழுவதாகவும், ஆண்டுக்கு 300 நாள் பயன்படுத்துவதாகவும் வைத்துக்கொண்டால், இது 11 ஆண்டு உழைப்புக்குச் சமம். ஐந்து கிளைகளாக விரியும் அடிப்பாகத்தின் மீது ஏறத்தாழ 1,130 கிலோ எடைக்கு இணையான விசை மேலிருந்து செலுத்தப்படுகிறது. முதுகுச் சாய்வு, சுழலும் பகுதி, கைப்பிடி, சக்கரம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சோதனைகள் உள்ளன. முன்னும் பின்னும் சாய்த்துப் பார்த்து, எளிதில் கவிழ்கிறதா என்றும் சோதிக்கிறார்கள்.

இவற்றோடு இரண்டு வரம்புகளும் எழுதப்பட்டுள்ளன. விற்பனைக் கூடத்தில் அவற்றை எவரும் சொல்வதில்லை. முதலாவது உடல் எடை. 2017ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, இச்சோதனைகள் ஏறத்தாழ 125 கிலோ வரையுள்ளவரை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டவை. இரண்டாவது பயன்பாட்டு நேரம். நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 5 நாள், 10 ஆண்டுக் காலம் என்பதே கணக்கு. ஆலை வாயிலிலோ காவலர் அறையிலோ மூன்று ஷிப்டும் ஓயாமல் ஆள் மாறி அமரும் நாற்காலி, வாரத்துக்கு 40 மணிக்குப் பதிலாக 168 மணி உழைக்கிறது. அந்தக் கணக்கில் பத்தாண்டுக்குரிய உழைப்பு இரண்டரை ஆண்டுக்குள் முடிந்துவிடும். அலுவலகங்கள் கழித்துவிட்ட நாற்காலியை வாங்கும்போது இதை நினைவில் கொள்ளுங்கள். அதன்மேல் ஒட்டியிருக்கும் முத்திரை, புதிதாக இருந்தபோது அது பெற்ற மதிப்பெண்.

உறுப்பு உறுப்பாகப் பார்த்தல்

நாற்காலி பல உறுப்புகளால் ஆனது. ஓர் உறுப்புக்குச் சான்று இருப்பதனால் நாற்காலி முழுவதற்கும் சான்று இருப்பதாகாது. நல்ல தண்டும் மட்டமான அடிப்பாகமும் சேர்ந்தால், மட்டமான அடிப்பாகத்தின் உறுதிதான் அந்த நாற்காலியின் உறுதி.

தண்டு: உயரத்தை ஏற்றி இறக்கும் தண்டைக் கடைகளில் ‘ஹைட்ராலிக்’ என்கிறார்கள். உண்மையில் அதற்குள் இருப்பது உயர் அழுத்தத்தில் அடைக்கப்பட்ட நைட்ரஜன் வாயு. இதற்கு ஜெர்மனியின் டி.ஐ.என். 4550, ஐரோப்பாவின் ஈ.என். 16955 ஆகிய தரநிலைகள் உள்ளன. தண்டின்மீது ‘கிளாஸ் 4’ போன்ற வகுப்பு எண்ணும் தயாரிப்பாளர் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். எதுவும் பொறிக்கப்படாத தண்டைத் தவிர்க்க வேண்டும். உட்கார்ந்ததும் நாற்காலி தானாகத் தாழ்ந்துகொண்டே போனால் உள்ளடைப்பு தேய்ந்துவிட்டது என்று பொருள். அப்போது தண்டையே மாற்ற வேண்டும். அதை வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சூடேற்றவோ, துளையிடவோ, அறுக்கவோ கூடாது. அழுத்தம் நிறைந்த குழாய் வெடித்தால் பட்டறைக்காரருக்கும் அருகில் நிற்பவருக்கும் உயிராபத்து.

அடிப்பாகம்: ஐந்து கிளைகள் இருக்க வேண்டும். நான்கு கிளை உள்ளவை ஓரமாகச் சாயும்போது எளிதில் கவிழும். பிளாஸ்டிக் அடிப்பாகத்தின் கிளைகள் நடுக்குழலோடு சேரும் இடத்தில் மயிரிழை விரிசல் உண்டா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். நம் பகுதி வெயிலில் திண்ணையிலோ மொட்டை மாடியிலோ கிடந்த பிளாஸ்டிக் நாளடைவில் நொறுங்கும் தன்மை அடைகிறது. நிறம் வெளுத்து, தொட்டால் மாவுபோல் ஒட்டினால் அது எச்சரிக்கை.

சக்கரம்: ஐரோப்பியத் தரநிலை இரு வகையைச் சொல்கிறது. கம்பளம் விரித்த தரைக்குக் கடினச் சக்கரம். டைல்ஸ், சிமெண்ட், கல் தரைக்கு மென்மையான மேற்பட்டை கொண்ட சக்கரம். நம் வீடுகளுக்கு இரண்டாவதே ஏற்றது. கடினச் சக்கரம் வழவழப்பான டைல்ஸில் சட்டென்று நழுவி ஓடும். நெசவு வீடுகளில் அறுந்த நூல் இழைகள் அச்சில் சுற்றிக்கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழலவிடாமல் நிறுத்திவிடுகின்றன. ஐந்தில் ஒன்று நின்றால் நாற்காலி எதிர்பாராத பக்கம் இழுக்கும். மாதம் ஒருமுறை நாற்காலியைக் கவிழ்த்து நூலையும் முடியையும் அகற்றுங்கள்.

திருகாணிகள்: இணையத்தில் வாங்கும் நாற்காலி பிரித்த நிலையில்தான் வருகிறது, பூட்டுவது நாமே. எல்லாத் திருகாணிகளையும் பாதி முடுக்கிப் பொருத்திய பிறகே ஒவ்வொன்றாக முழுவதும் இறுக்க வேண்டும். ஒரு மாதம் கழித்து மறுபடியும் இறுக்கிப் பார்க்க வேண்டும். கைப்பிடியின் திருகாணி மிக முக்கியமானது. எழும்போது நோயாளி தம் எடையை ஊன்றுவது அதன்மேல்தான்.

எந்த முத்திரையும் சொல்லாத ஒன்று

இப்போது இக்கட்டுரையின் தலையாய செய்திக்கு வருகிறோம். அலுவலக நாற்காலியின் சோதனைகள் அனைத்தும், தானே உட்கார்ந்து தானே எழக்கூடிய ஒருவர் மேசை முன் வேலை செய்வதை மனத்தில் கொண்டவை. நோயாளியை அமர்த்தித் தள்ளிச் செல்வதற்காக அவை வகுக்கப்படவில்லை.

ஆனால் பல வீடுகளில் நடப்பது அதுதான். ‘சக்கரம் இருக்கிறதே’ என்று, படுக்கையிலிருந்து குளியலறைக்கும் கூடத்திலிருந்து வாசலுக்கும் நோயாளியைச் சுழல் நாற்காலியில் வைத்து உருட்டிச் செல்கிறார்கள். அன்பினால் செய்யப்படும் செயலாயினும், ஆபத்து மிகுந்தது. சக்கர நாற்காலிக்குப் பிரேக் உண்டு, கால் தாங்கி உண்டு, மேடு பள்ளத்தைக் கடக்கும் பெரிய சக்கரம் உண்டு. சுழல் நாற்காலிக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. நம் வீடுகளின் வாயில்களில் உயர்ந்திருக்கும் நிலைப்படியில் முன்சக்கரம் முட்டினால், நோயாளி முன்புறமாகத் தூக்கி எறியப்படுவார். தொங்கும் பாதம் தரையில் சிக்கி மடங்கும். நீரிழிவினால் பாத உணர்ச்சி குன்றியவர், பாதம் இழுபட்டுப் புண்ணானதைக்கூட உணரமாட்டார்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுந்து உயிரிழக்கின்றனர். அவர்களுள் மிகுதியானோர் 60 வயதைக் கடந்தவர்கள். முதியவர் வீட்டில் விழுவதைச் சிறு சங்கதியாக எண்ணலாகாது.

சக்கர நாற்காலி தேவைப்படுமாயின் எங்கள் இயன்முறை மருத்துவப் பிரிவில் கேளுங்கள். மாற்றுத்திறனாளிகள், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தின் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். பணம் இல்லை என்பதற்காகச் சுழல் நாற்காலியை அந்த வேலைக்குப் பயன்படுத்தாதீர்கள்.

யாருக்கு எந்த நாற்காலி?

இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்குப் பின்: சக்கரம் இல்லாத, கைப்பிடி உள்ள, இருக்கை கெட்டியான நாற்காலி. அமர்ந்திருக்கையில் முழங்கால், இடுப்பைவிட உயரக் கூடாது. தாழ்ந்த சோபாவும் சாய்வு நாற்காலியும் ஆகா. முழங்கால் அறுவை செய்துகொண்டவருக்கும் உறுதியான, உயரமான இருக்கையும் கைப்பிடியுமே எளிது.

பக்கவாதம், பார்கின்சன் நோய், தலைசுற்றல் உள்ளவர்களுக்கு: சுழல்வதும் உருள்வதும் வேண்டாம். சுழல் நாற்காலிதான் வீட்டில் உள்ளது என்றால், சக்கரங்களைக் கழற்றி, அவ்விடத்தில் நகராத அடிக்குமிழ்களைப் பொருத்தலாம். சுழல்வதும் நின்றாக வேண்டுமாயின் வேறு நாற்காலியே வழி.

முதுகு வலியோடு அலுவலகம் செல்பவர்களுக்கு: உயரம் மாற்றத்தக்க சுழல் நாற்காலி நன்மை தரும். பாதம் முழுவதும் தரையில் படிய வேண்டும். இடுப்பு வளைவில் முதுகுத் தாங்கி படிய வேண்டும். எவ்வளவு உயர்ந்த சான்று பெற்ற நாற்காலியானாலும் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து சில அடி நடப்பதற்கு அது ஈடாகாது.

எல்லாருக்கும் பொதுவாக: இருக்கைமேல் தலையணைகளை அடுக்கி உயரமாக்காதீர்கள். உடலின் எடை மேலே ஏறுவதால் நாற்காலி சாய்வது எளிதாகும். கைப்பிடியும் எட்டாமல் தாழ்ந்துவிடும். எழுமுன் இருக்கையின் முன்விளிம்புக்கு நகர்ந்து, சில நொடி நிதானித்து, பிறகு எழுங்கள். இரத்த அழுத்த மாத்திரை உட்கொள்வோருக்கு இந்த நிதானம் மிகவும் தேவை.

உட்காருமுன் ஒரு நிமிடச் சோதனை

1. முத்திரை, தரநிலை எண், உரிம எண் ஆகிய மூன்றும் உள்ளனவா?
2. செயலி காட்டும் விவரம் நாற்காலியோடு பொருந்துகிறதா?
3. தயாரிப்பாளர் குறித்துள்ள எடை வரம்பு, அமரப்போகிறவரின் எடையைவிட அதிகமா?
4. அடிப்பாகத்தில் விரிசல் உண்டா? ஐந்து சக்கரங்களும் சுழல்கின்றனவா?
5. உடல் நலமுள்ள ஒருவர் அமர்ந்து ஐந்து நிமிடம் இருந்தபின் இருக்கை தாழ்ந்திருக்கிறதா?
6. இரு கைப்பிடிகளையும் ஊன்றி அழுத்தினால் ஆட்டம் உண்டா?

முதலிரண்டும் புதிய நாற்காலிக்கு. மற்றவை புதியதற்கும் பழையதற்கும் பொது. நான்காவது முதல் ஆறாவது வரை ஒன்றில் குறை கண்டாலும், சரிசெய்யும் வரை நோயாளியை அதில் அமர்த்த வேண்டாம்.

உடைந்துவிட்டால்

முதலில் காயத்தைக் கவனியுங்கள். விழுந்தவரை உடனே தூக்கி நிறுத்தாதீர்கள். இடுப்போ முதுகோ கடுமையாக வலித்தால், கால் ஒரு பக்கம் திரும்பியோ குட்டையாகியோ தெரிந்தால், அசைக்காமல் 108க்கு அழையுங்கள்.

பிறகு பொருளைக் கவனியுங்கள். உடைந்த நாற்காலியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டால் சாட்சியமும் போய்விடும். துண்டுகளை எடுத்துவைத்து, முத்திரையும் உடைந்த இடமும் தெரியும்படி படம் எடுங்கள். பில்லையும் மருத்துவமனைச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். முத்திரை பற்றிய புகாரை ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியிலேயே பதியலாம். அமைவனத்தின் கிளை அலுவலகம் மதுரையில் உள்ளது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, குறையுள்ள பொருளால் ஏற்பட்ட உடற்காயத்துக்கு இழப்பீடு கேட்க வழி தருகிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் முறையிட வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் முறையீட்டுக் கட்டணம் இல்லை.

நாற்காலி ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முன் ஐயம் இருந்தால், அதன் படத்தையும் நோயாளியின் எடை, உயரம் ஆகியவற்றையும் குறித்துக்கொண்டு, அடுத்த மறுபரிசோதனை நாளில் இயன்முறை மருத்துவரிடம் காட்டுங்கள். இருக்கையின் உயரத்தைத் தரையிலிருந்து அளந்து எழுதிவந்தால் இன்னும் நல்லது. வாங்கிய பின் மாற்றுவதைவிட வாங்குமுன் கேட்பது எளிது.